கொங்கு ஊர் வரலாற்றில் காணியாளர், பட்டக்காரர் தவிர மற்றவர்களை எங்கே தேடுவது?

#1 நொய்யல்வாசி

வணக்கமுங்க. கொங்கில் ஊர் வரலாறு என்று வருகிற புத்தகங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்குதுங்க. முதலில் 24 நாட்டுப் பிரிவு, அடுத்து காணிக் குலங்கள் (ஊர் நிலத்தில் பரம்பரை உரிமை உள்ள காணியாளர்), அப்புறம் கோயில், கடைசியில் பட்டக்காரர் என்ற தலைமைக் குடும்பம். கல்மணி அறுத்தவர், இரும்பு உருக்கியவர், பானை வனைந்தவர், நூல் நூற்ற பெண்கள், மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலைக்குத் தோல் தும்பி (சாலில் கட்டும் தோல் குழாய்) தைத்தவர், பஞ்சத்தில் கல்லுடைத்தவர் யாருக்கும் அரைப் பக்கம்கூடக் கிடையாது.

இவர்களுக்குச் சான்றே இல்லையா, இல்லை இருப்பதைப் பார்க்கத் தெரியாமல் விடுகிறோமா? செய்முறையோடு சொல்லுங்க. "சாமானியர் வரலாறு முக்கியம்" என்ற பதில் வேண்டாம், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

#2 மைப்பொட்டணம்

சான்று இருக்கிறது. ஆனால் புகழ்ச்சி இருக்கும் வரியில் தேடினால் அகப்படாது. அனுமதி, தடை, தண்டனை, வரி வருகிற வரியில் தேட வேண்டும்.

நல்ல எடுத்துக்காட்டு கரூர் பசுபதீசுவரர் கோயில் கல்வெட்டு. கோநேரின்மைகொண்டான் என்ற பட்டப்பெயரில் வெங்கால நாட்டுக் கன்மாளருக்கு (கல்தச்சர், கொல்லர், தட்டார் போன்ற கைவினைஞர்) வந்த அரசாணை. 15ஆம் ஆட்சியாண்டு ஆடி மாதம் முதல் நடப்புக்கு வருகிறது. மூன்று செய்திகள்: நன்மை தின்மைக்கு இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே புறப்பட்டுப் போகும் இடங்களுக்குச் செருப்புப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம்.

இதைத் திருப்பிப் படியுங்கள். அந்த ஆடி மாதத்துக்கு முந்தைய நாள்வரை கோயில் கட்டிய கல்தச்சரும், கலப்பைக்குக் கொழு அடித்த கொல்லரும், தாலி செய்த தட்டாரும் செருப்பில்லாமல் நடந்து, பூசாத மண்சுவருக்குள் இருந்தார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் இரட்டைச் சங்கு இல்லை. அவர்கள் பெயர் ஒன்றுகூட அதில் இல்லாவிட்டாலும் அன்றாட வாழ்வு இருக்கிறது.

#3 காங்கயம்_காளை

அண்ணா, இது மன்னருடைய பெருந்தன்மைக்கான சான்று என்றுதானே இதுவரை எல்லாரும் எழுதியிருக்காங்க? ஒரே கல்வெட்டை வைத்து இத்தனை பெரிய முடிவா?

#4 மைப்பொட்டணம்

ஒரே கல்வெட்டு அல்ல தம்பி. இதே வகை ஆணை கொங்கின் வேறு கோயில்களிலும் உண்டு. ஓரிடத்து ஆணையைப் பல கோயில்களில் வெட்ட வேண்டியிருந்தது என்றால், ஊரார் வாய்மொழியாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்ற பயம் இருந்திருக்கிறது என்று கொள்ளலாம். இது என் ஊகம், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் இரண்டு தவறு நடக்கும். ஒன்று, கோநேரின்மைகொண்டான் என்பதை ஒரே அரசன் என்று நினைப்பது. அது பலர் வைத்துக்கொண்ட பட்டம். எழுத்தமைதி, பக்கத்துக் கல்வெட்டு, உடன் வரும் அதிகாரிகளின் பெயர் இவற்றை வைத்துத்தான் காலம் சொல்ல முடியும். இரண்டு, அனுமதி வந்ததால் எல்லாரும் மறுநாளே செருப்புப் போட்டு நடந்தார்கள் என்று எழுதுவது. கல்வெட்டு ஆணையைச் சொல்கிறது, அது நடந்ததைச் சொல்லவில்லை.

#5 நொய்யல்வாசி

ரொம்ப நன்றிங்க. எங்கள் பக்கத்துக் கோயில்களில் படிக்காத துண்டுக் கல்வெட்டுகள் நிறைய. கல்வெட்டைத் தாளில் மை ஒற்றி எடுக்கும் மைப்படி முறையைக் கொஞ்சம் விளக்க முடியுமா?

#6 மைப்பொட்டணம்

முதலில் அனுமதி. கோயில் நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் தொல்லியல் துறையிடம். அது இல்லாமல் கல்லைத் தொடாதீர்கள்.

கல்லைத் தண்ணீரும் தென்னை நார்த் தூரிகையும் கொண்டு கழுவுங்கள். கம்பித் தூரிகை, அமிலம், சோப்புத்தூள் கூடாது. எழுத்துக்குள் சுண்ணாம்பு அடைந்திருந்தால் மூங்கில் குச்சியால் பொறுமையாக எடுக்கலாம், ஆணியால் சுரண்டக் கூடாது. கெட்டியான, பசை குறைந்த தாளைக் கல்வெட்டைவிட நாலு பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக வெட்டி, நனைத்து, மேலிருந்து கீழாக ஒட்டுங்கள். காற்றுக்குமிழி வந்தால் நடுவிலிருந்து விளிம்புக்குத் தள்ளுங்கள். மயிர்த் தூரிகையால் நேராகத் தட்டுங்கள், இழுக்காதீர்கள். தாள் கிழிந்தால் அதே ஈரத்தில் சின்ன ஒட்டு வைத்துத் தட்டினால் சேர்ந்துகொள்ளும்.

மை போடும் பதம்தான் எல்லாம். தாள் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் மை பரவி எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். முழுக்கக் காய்ந்தால் தாள் கல்லைவிட்டு எழும்பும். தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது. விளக்குக்கரியும் பிசினும் கலந்த மையைத் துணிப் பொட்டணத்தில் தொட்டு, முதலில் ஒரு பலகையில் தட்டிச் சமப்படுத்திவிட்டு, தாளில் ஒற்ற வேண்டும். முதல் சுற்று மங்கலாக, இரண்டாவது மூன்றாவது சுற்றில் கருப்பாக. எழுத்து வெள்ளையாக நிற்கும். காய்ந்தபின் உரித்து, பின்பக்கம் உடனே எழுதுங்கள்: ஊர், கோயில், எந்தச் சுவர், எந்தத் திசை, தரையிலிருந்து எத்தனை செ.மீ., நாள். "வீட்டுக்குப் போய் எழுதிக்கலாம்" என்று விட்ட படிகள் அனாதையாகிவிடும்.

படி எடுக்க முடியாத இடத்தில் இரவில் கைவிளக்கைக் கல்லோடு ஒட்டி 10, 15 பாகை சாய்வில் பிடித்து, நாலு திசையிலிருந்தும் தனித்தனியாகப் படம் எடுங்கள். ஒரு திசை ஒளியில் மறையும் கோடு இன்னொன்றில் தெரியும். எழுத்தின்மேல் சாக்கட்டி, மாவு, விபூதி பூசிப் படம் எடுப்பதை நிறுத்துங்கள். பூசுகிறவர் கண்ணுக்குத் தெரிகிற எழுத்துத்தான் படத்தில் வரும். அது கல்வெட்டின் படமல்ல, பூசியவருடைய வாசிப்பின் படம். திருப்பணியின்போது மணல் வீச்சு அடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால் மற்ற வேலையைப் போட்டுவிட்டு முதலில் அந்தச் சுவரைப் படமெடுங்கள்.

சிறு கொடைகளை விடாதீர்கள். கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகளில் சந்தியாதீபம் (அந்தி விளக்கு) ஒன்றுக்குப் பழஞ்சலாகை அச்சு என்ற காசு ஒன்று, இரண்டு என்று கொடுத்தவர்கள் வருகிறார்கள். "இன்னாரின் மணவாட்டி" என்று மனைவிமார், தேவரடியார், வணிகர் எல்லாம் அங்கேதான். விளக்குக் கொடை என்று ஒரே வரியில் பட்டியல் போட்டால் அந்த ஆட்கள் போய்விடுவார்கள். கொடுத்தவர் பெயர், உறவுச்சொல், ஊர், தொகை, அதை வாங்கிக்கொண்டவர் என்று ஐந்து கட்டம் போட்டுப் பதியுங்கள்.

#7 ஓட்டாஞ்சில்லு

மைப்பொட்டணம் அய்யா சொன்னதெல்லாம் கல் வெட்டக் காசு இருந்தவர்கள் கதை. நான் பானை ஓட்டுப் பக்கம்.

கொடுமணல் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, நொய்யலின் வடகரையில். 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம், பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகம், மாநிலத் தொல்லியல் துறை எல்லாம் அகழ்ந்த இடம். பதிற்றுப்பத்தில் "கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்" என்று வருவது இந்த ஊர்தான் என்பது பெரும்பாலோர் கருத்து. அங்கே தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஆதன், கண்ணன் ஆதன், சம்பன் என்று பெயர்கள். பிராகிருதச் சாயல் பெயர்களும் உண்டு. வணிகக் குழுவைக் குறிக்கும் "நிகம" என்ற சொல்லும் உண்டு.

ஒரு ஓட்டில் பெயர் இருந்தால் அது யார் பெயர்? வனைந்தவரா, வைத்திருந்தவரா? இதைச் சொல்லாமல் "சாமானியரும் எழுதினர்" என்று தாவுகிறார்கள். பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடி போதும்.

சுடுவதற்கு முன் ஈர மண்ணில் கீறினால் கோட்டின் இரு ஓரத்திலும் மண் ஒதுங்கி மெல்லிய வரப்பு நிற்கும். கோட்டின் உட்புறம் வழவழப்பு, நிறம் ஓட்டின் மேற்பரப்பு நிறமே. இது குயவர் கை, அல்லது குயவரிடம் சொல்லி எழுதச் சொன்னவர். சுட்ட பின் கீறினால் ஓரம் பொரிந்து சிதறியிருக்கும், பூச்சை அறுத்துக்கொண்டு உள்நிறம் தெரியும், வளைவுகள் கோணலாகத் துண்டு துண்டாக வரும். இது பெரும்பாலும் பானை வைத்திருந்தவர். கொடுமணலில் இரண்டாவது வகையே அதிகம்.

இன்னொரு சோதனை: எழுத்துக் கோடு ஓட்டின் உடைந்த விளிம்பில் வெட்டுப்பட்டு நிற்கிறதா, இல்லை விளிம்புக்கு ஏற்ப வளைந்து முடிகிறதா? வெட்டுப்பட்டிருந்தால் முழுப்பானையாக இருக்கும்போது எழுதியது. வளைந்திருந்தால் உடைந்த சில்லை எடுத்து யாரோ எழுதிப் பார்த்தது, ஒருவேளை எழுதப் பழகியது. இரண்டாவது வகை அகப்பட்டால் அதுதான் என் கணக்கில் பெரிய புதையல்.

#8 காங்கயம்_காளை

மணிக்கற்கள் பற்றியும் சொல்லுங்க. படியூர் பச்சைக்கல், சிவன்மலை நீலக்கல் எல்லாம் ரோமுக்குப் போச்சு, வெள்ளலூரில் ரோமானியக் காசு கிடைச்சுது, இதுதான் மேடையில் வருது. அறுத்தவன் யாருன்னு யாரும் சொல்றதில்லை.

#9 ஓட்டாஞ்சில்லு

அறுத்தவர் நல்ல மணியில் இருக்க மாட்டார். நல்ல மணி விற்றுப்போய்விட்டது. கெட்டுப்போன மணியில் இருப்பார்.

கல்மணி செய்வதில் உருத்தட்டல், கொத்திச் சமன் செய்தல், வரிப்பள்ளமுள்ள கல்லில் தேய்த்தல், துளையிடல், மெருகேற்றல் என்று படிகள். துளையும் மெருகும் பட்டறைக்குப் பட்டறை முன்பின் மாறும். எப்படித் தெரிந்துகொள்வது? துளையில் உடைந்த மணிகளை மட்டும் தனியே பிரியுங்கள். மெருகேறியவை அதில் அதிகமென்றால் துளை கடைசி வேலை. அப்படியென்றால் முழு உழைப்பும் போட்டபின் கடைசி நிமிடத்தில் பொருள் நாசமாகும் அபாயத்தை அந்தத் தொழிலாளி சுமந்தார்.

படிகக்கல் கடினம் 7, பச்சைக்கல் 7.5 முதல் 8, நீலக்கல் 9. நீலக்கல்லைத் துளைக்க வைரமுனை வேண்டும். தேய்க்கவே குருந்தத் தூள் வேண்டும். இரண்டு முனையிலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைப்பார்கள், ஒரே பக்கம் துளைத்தால் மறுமுனை பிய்த்துக்கொண்டு தெறிக்கும். சந்திக்கும் இடத்தில் சின்னப் படி தெரியும். அந்தப் படி எத்தனை மி.மீ. தவறியிருக்கிறது என்று நூறு மணிக்கு அளந்தால் தேர்ந்த கையும் கற்றுக்கொள்ளும் கையும் பிரிந்து தெரியும். துளைக்குள் சிலிக்கான் பசை ஊற்றி வார்ப்பு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், வைரமுனை என்றால் சீரான நெருக்கமான வளையக் கோடுகள், மணல்தூள் என்றால் மங்கலான சொரசொரப்பு.

இதெல்லாம் சல்லடையில்தான் தொடங்கும். 5 மி.மீ. கண் சல்லடையில் சலித்தால் சிறு மணியும் துளைச் சில்லும் மண்ணோடு போய்விடும். வேலைத்தளம் என்று சந்தேகம் வந்த உடனே 2 மி.மீ., அதற்குக் கீழே 1 மி.மீ. வைத்து நீரில் அலசுங்கள். சில்லுகளை எண்ணுவதோடு எடையும் போடுங்கள், குழிவாரியாக, அடுக்குவாரியாக. "ஏராளமான கழிவுச் சில்லுகள் கிடைத்தன" என்று அறிக்கையில் எழுதுவது கழிவைத் தூக்கி எறிவதற்குச் சமம்.

#10 தறிக்குழி

நூற்ற பெண்கள் பற்றி யாரும் வாய் திறக்கலீங்களே. கொடுமணலில் சுடுமண் தக்களிகளும் கிடைச்சிருக்குது. "ஆளில் பெண்டிர் தாளிற் செய்த நுணங்குநுண் பனுவல்" என்று நற்றிணையில் வருதுங்க. வீட்டில் ஆண் இல்லாத பெண் தன் உழைப்பில் நூற்ற மெல்லிய நூல். பிழைப்புக்கு நூற்றவள் அவள்.

தக்களி வில்லை கிடைத்தால் நாலு அளவு எடுங்க: எடை, குறுக்களவு, தடிமன், துளையின் விட்டம். பருத்தி இழை குட்டை. கனமான வில்லை சுற்றும்போது இழுவை தாங்காமல் நூல் அறுந்துபோகும். அதனால் எடை குறைந்தது மெல்லிய பருத்தி நூலுக்கு, எடை கூடினால் தடித்த நூல் அல்லது முறுக்கு ஏற்றுவது. ஒரு வீட்டுத் தரையில் எடை வேறு வேறாக நாலைந்து கிடந்தால் வீட்டுத் தேவைக்கு, ஒரே எடையில் பத்துப் பதினைந்து கிடந்தால் விற்பனைக்கு என்று யோசிக்கலாம்.

தப்பு எங்கே வருமுன்னா, ஓட்டை போட்ட வட்டச் சில்லை எல்லாம் தக்களி என்று எழுதுவது. துளை நட்டநடுவில் இருக்கணும், நேராக இறங்கணும், குச்சி செருகிச் சுழற்றினால் ஆடாமல் நிற்கணும். இல்லைன்னா அது வலைக்குண்டாக இருக்கலாம், மூடியாக இருக்கலாம், பிள்ளைகள் விளையாட்டுச் சாமானாக இருக்கலாம். ஓட்டையே இல்லாத வட்டச் சில்லு பாண்டி ஆடினதாக்கூட இருக்கும். பிள்ளைகளும் வரலாற்றில் விட்டுப்போனவங்கதானே.

#11 கருவூர்க்கம்மியன்

எல்லாரும் பெயரில்லாதவர்களையே பேசுகிறீர்கள். பெயரோடு நிற்பவர்களையே நாம் கண்டுகொள்வதில்லையே. அறச்சலூர் நாகமலை இசைக் கல்வெட்டு ஈரோட்டுக்குப் பக்கம். வரிக்கு 5 எழுத்தாக 5 வரி, த, தை, தா என்ற தாளச் சொற்கள். கிடக்கையிலும் நெடுக்கிலும் ஒரே மாதிரி வாசிக்கலாம். அதைப் புணர்த்தவன் தன் பெயரைப் போட்டிருக்கிறான்: மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் காசு, மணி சோதித்துத் தரம் சொல்பவன். பகலில் மணி சோதித்தவன் எழுத்துக் கட்டத்தில் தாளம் அமைத்திருக்கிறான். ஆனால் இசை வரலாற்றில் "அறச்சலூர்க் கல்வெட்டு" என்று ஊர் பெயர் வருகிறது, சாத்தன் வருவதில்லை.

புகளூர் ஆறுநாட்டார் மலையிலும் அப்படியே. சேர இளவரசன் பெயருள்ள கல்வெட்டை எல்லாரும் சொல்வார்கள். அதே மலையில் "கருவூர் பொன் வாணிகன் நத்தி" செய்வித்த, சமணத் துறவிகளுக்கான கற்படுக்கையும் இருக்கிறது.

#12 மைப்பொட்டணம்

"மணிய் வண்ணக்கன்" என்பதை "மலைய் வண்ணக்கன்" என்று படித்தவர்களும் உண்டு. எந்த எழுத்து என்பதில் தொழிலே மாறுகிறது. மலை என்றால் ஊர் அல்லது இடப்பெயர் அடையாகிவிடும். அதனால் "மணி சோதித்தவன்" என்று அடித்துச் சொல்லாமல், வண்ணக்கன் என்பதோடு நிறுத்துவது நல்லது. சங்கப் புலவர் பெயர்களிலும் வண்ணக்கன் என்ற அடை வருகிறது, எனவே வண்ணக்கர் எழுத்தறிந்தவர் என்பது புதுமையல்ல.

#13 கருவூர்க்கம்மியன்

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல்லில் நான் பார்க்கும் வளைவு "ணி"க்குத்தான் பொருந்துகிறது. சாய்வொளிப் படம் நாலு திசையிலும் எடுத்துப் போட்டால் மேற்கொண்டு பேசலாம்.

#14 கரிமம்14

காலக்கணிப்பு, எலும்பு பற்றிச் சுருக்கமாக.

பழனிக்குப் பக்கம் பொருந்தலில் 2009, 2010 அகழாய்வில் ஈமக்குழி ஒன்றில் நெல் நிறைந்த பானை கிடைத்தது, கூடவே "வய்ர" என்று எழுதிய பானைத் தாங்கி. நெல்லின் காலம் கி.மு. 490 என்று வெளியானது. இதைச் சொல்லும்போது ஒரே ஆண்டாக எழுதாதீர்கள். கி.மு. 800 முதல் 400 வரை கரிம அளவுத்திருத்த வளைகோடு ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. அந்த நானூறு ஆண்டில் எங்கே விழுந்தாலும் கருவி கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் தரும். நெல் போன்ற ஓராண்டுப் பயிர் மாதிரி நல்லது. உத்திரக் கட்டைக் கரி கொடுத்தால் மரத்தின் வயதும் சேர்ந்து காலம் பழையதாகிவிடும். மாதிரியைக் கையால் தொடாமல் அலுமினியத் தாளில் பொதியுங்கள். பஞ்சிலோ செய்தித்தாளிலோ வைத்தால் அவற்றின் கரிமமும் ஒட்டிக்கொள்ளும்.

என்ன சாப்பிட்டார்கள் என்று தெரிய மிதப்பு முறை, அதாவது மண்ணை நீரில் அலசி மிதக்கும் விதைகளை எடுப்பது. அடுப்பு, குழி, தரை ஒவ்வொன்றிலும் 20 லிட்டர் மண். அலசுவதற்கு முன்பே அளவைக் குறியுங்கள், இல்லாவிட்டால் எந்த அடுப்பில் விதை அதிகம் என்று ஒப்பிட முடியாது. கரிசல் கட்டி கரையாவிட்டால் கொஞ்சம் சமையல் சோடா போட்டு ஊற வைக்கலாம். மேலே மிதப்பதை 0.3 மி.மீ. கண் துணியில் வடித்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் கரிந்த விதை வெடித்துத் தூளாகும். கரியாத விதை எல்லாம் பெரும்பாலும் எறும்பும் எலியும் கொண்டுவந்த இந்தக்காலத்து விதை. பணக்காரர் ஈமக்குழியில் நெல் கிடைக்கும். வீட்டு அடுப்பில் என்ன கரிந்தது என்பதுதான் நீங்கள் தேடும் ஆட்களின் சாப்பாடு.

எலும்பைக் கொங்குச் செம்மண் பெரும்பாலும் தின்றுவிடும். பல் மிஞ்சும். பல்லின் வெளிப்பூச்சில் கிடைக்கோடாகப் பள்ளம் இருந்தால், அந்தப் பூச்சு உருவான சிறுவயதில் பட்டினியோ பெருநோயோ வந்து உடல் வளர்ச்சி நின்று போனதற்கான அடையாளம். கோடு பல்லில் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை வைத்து எத்தனை வயதில் என்றும் கணிக்கலாம். அதே பூச்சின் ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு விகிதம் அந்த ஆள் எந்த மாதிரிப் பாறைநிலத்தில் வளர்ந்தவர் என்று சொல்லும். ஆனால் முதலில் உள்ளூர்ச் செடி, நத்தை ஓடு இவற்றின் விகிதம் வேண்டும். அது இல்லாமல் "வெளியூர்க்காரர்" என்று எழுதுவது சோதிடம்.

ஈமக்குழியைச் சுற்றிய கல்வட்டம் பெரியது என்றால் தலைவன், சின்னது என்றால் ஏழை என்று எழுதுவதையும் விட்டால் நல்லது. பாண்டவர் குழி என்று ஊரில் சொல்லும் எதிலும் ஒன்றுக்கு மேற்பட்டவர் எலும்பு இருக்கலாம், பிறகு திறந்து மறுபடி வைத்ததாகவும் இருக்கலாம். கல்வட்டமே இல்லாமல் புதைந்தவர்கள் எங்கே என்பதுதான் அடுத்த கேள்வி.

#15 ஆவணப்பூச்சி

18, 19ஆம் நூற்றாண்டுக்கு வாருங்கள். அங்கே காகிதம் குவிந்து கிடக்கிறது.

முதலில் எடுக்க வேண்டியது 1860களின் இனாம் பதிவேடு (மானிய நிலங்களின் பதிவு). கோயில் மானியத்தை மட்டும் எல்லாரும் படியெடுப்பார்கள். அதிலேயே தச்சன், கொல்லன், குயவன், வண்ணான், நாவிதன், தோட்டி என்று ஊழிய மானியம் வரும், அப்போது வைத்திருந்தவர் பெயரும் நிலப்பரப்பும் சேர்ந்து. மூலம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில். அடுத்து வருவாய்த்துறை "அ" பதிவேடு (புல எண்வாரியான நிலப் பதிவு), புலப்படம். சூளைக்காடு, சுண்ணாம்புக்காடு, வண்ணான்துறை போன்ற பெயர் வந்த புலங்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டு நடந்து பாருங்கள். இரும்புக் கிட்டம் (இரும்பு உருக்கிய கழிவு) சிதறிக் கிடந்தால் எங்கெங்கே, எவ்வளவு தூரத்துக்கு என்று குறியுங்கள். ஊதுலைக் குழாயின் சுடுமண் துண்டு சேர்ந்து கிடந்தால் அது உருக்கிய இடம். கிட்டம் மட்டும் என்றால் பாதைக்குக் கொட்டியதாகவும் இருக்கலாம்.

பிரான்சிஸ் புக்கானன் 1800இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பயணம் செய்து நெசவாளர், பண்ணையாள் கூலி எல்லாம் குறித்தார், 1807இல் அச்சாயிற்று. பயனுள்ளது. ஆனால் அவர் கேட்டது அதிகாரிகளிடமும் நிலம் வைத்திருந்தவர்களிடமும், அதுவும் மொழிபெயர்ப்பாளர் வழியாக. பண்ணையாளுக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று பண்ணைக்காரர் சொன்னதை அப்படியே கூலி என்று எடுக்கக் கூடாது.

1876-78 தாது வருசப் பஞ்சம். கோவை மாவட்ட மக்கள்தொகை 1871இல் சுமார் 17.6 லட்சம், 1881இல் 16.6 லட்சம். பத்தாண்டில் ஏற வேண்டியது இறங்கியிருக்கிறது. ஒரு லட்சம் செத்தார்கள் என்று இதை எழுதக் கூடாது. ஊரைவிட்டுப் போனவர்களும், பிறக்காமல் போன பிள்ளைகளும் அதற்குள் இருக்கிறார்கள், இயல்பான பெருக்கத்தைச் சேர்த்தால் இழப்பு அதைவிடக் கூடும். நிவாரண வேலையில் 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் வைத்த கூலி ஓர் ஆணுக்கு நாளுக்கு சுமார் 450 கிராம் தானியமும் ஓரணாவும். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. அந்தக் காலத்தில் போட்ட சாலை, வெட்டிய குளம் எது என்று பொதுப்பணிக் கோப்பில் தேடி ஊர் வரைபடத்தில் குறித்தால், பெயரில்லாத ஆயிரம் பேரின் கைவேலையை ஊரார் இன்றைக்கும் மிதித்து நடப்பது தெரியும்.

#16 தறிக்குழி

கவலை பற்றியும் கேட்டிருந்தாருங்க. தோல் தும்பி மிஞ்சாது, தைத்த மாதாரி குடும்பங்களுக்கு எழுத்துச் சான்று அபூர்வம். ஆனால் கிணற்று மேட்டுக் கல்லில் வடக்கயிறும் வால்கயிறும் அரைத்த தடம் இருக்கும். ஆழம், அகலம் அளந்து, எத்தனை தடம் என்று எண்ணுங்க. ஒரே நேரத்தில் எத்தனை சால் (நீர் இறைக்கும் கலம்) ஓடியிருக்கும் என்று கணக்குப் போடலாம். சால் எண்ணிக்கை தெரிந்தால் எத்தனை தும்பி, எத்தனை மாடு, எத்தனை ஆள் என்று வரும். 1932க்கு அப்புறம் பைகாரா மின்சாரம் வந்து, போகப் போக மோட்டார் வந்து கவலை நின்னுபோச்சு. ஓட்டின, தைத்த வயசானவங்க இன்னும் சிலர் இருக்காங்க. கேட்கும்போது "அந்தக் காலம் எப்படி இருந்தது" என்று கேட்டால் பொதுவாகப் பதில் வரும். "ஒரு தும்பிக்கு எத்தனை தோல், எந்த மாசம் தைப்பீங்க, எப்போது எண்ணெய் போடுவீங்க, கூலி தவசமாகவா காசாகவா, யார் வீட்டு வாசலில் நின்று வாங்கினீங்க" என்று கேளுங்க. கடைசிக் கேள்வியில்தான் எல்லாம் வரும்.

#17 காங்கயம்_காளை

நடுகல் மூன்று எங்கள் பக்கமும் இருக்குது, புலிகுத்திக்கல். அதில் சாமானியர் உண்டா?

#18 மைப்பொட்டணம்

உண்டு. பட்டியைக் காத்துப் புலியோடு பொருதவர் பெரும்பாலும் மாடு மேய்த்தவரும் காவலிருந்தவரும்தான். முதலில் கல்லின் அடியைப் பாருங்கள். கீழ்ப்பகுதி மண்ணுக்குள் புதைந்திருந்தால் எழுத்து அங்கே மறைந்திருக்கலாம், ஆனால் நீங்களாகத் தோண்டக் கூடாது. உயரம், அகலம், தடிமன், முகம் பார்க்கும் திசை, எந்தக் கையில் ஆயுதம், கொண்டை எந்தப் பக்கம், பக்கத்தில் பெண் உருவம் உண்டா என்று குறியுங்கள். பெண் கையை உயர்த்தி நின்றால் உடன்கட்டை ஏறியவள் என்று பலர் எழுதுகிறார்கள். வளையல் அணிந்த கை தனியாகச் செதுக்கப்பட்டிருந்தால் அந்த முடிவுக்கு வலு உண்டு, வெறும் பெண் உருவம் மட்டும் என்றால் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கல் வழிபாட்டில் இருப்பது, பூசாரியிடம் கேட்காமல் கழுவ வேண்டாம். சாமிக்கு ஊரார் சொல்லும் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சில சமயம் செத்தவரின் பெயரோ தொழிலோ அதில் ஒட்டியிருக்கும்.

விஜயமங்கலம் சமணக் கோயிலில் கங்க அமைச்சர் சாமுண்டராயரின் தங்கை புள்ளப்பைக்கு நிசீதிகைக் கல் (நோன்பிருந்து உயிர் துறந்த சமணருக்கான நினைவுக்கல்) இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் எளியவர் அல்ல, ஆனால் அண்ணன் பெயர் தெரிந்த அளவுக்கு அவர் பெயர் தெரியாது.

#19 நெறியாளர்

சட்டம் நினைவிருக்கட்டும். மண்ணில் கிடைத்த பழம்பொருளை 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மத்தியத் தொல்லியல் துறைச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. காட்டில் கிடந்த பானை ஓட்டையும் கல்மணியையும் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். கிடந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, கைபேசியில் அட்சரேகை, தீர்க்கரேகை குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்குத் தெரியப்படுத்துங்கள். சரியான இருப்பிடத்தை இந்த இழையில் போட வேண்டாம். காசு தேடுகிற கூட்டமும் இதைப் படிக்கும்.

#20 நொய்யல்வாசி

எல்லாருக்கும் நன்றிங்க. இனாம் பதிவேட்டை மறுபடி புரட்டியதில் குயவர் மானியம் ஒன்று இருக்குது, அரை ஏக்கருக்கும் குறைவு, வைத்திருந்தவர் பெயரோடு. அதே புல எண்ணுக்கு இன்றைக்கு ஊரில் சூளைக்காடு என்று பெயர். அங்கே ஓடுகள் மேலாகக் கிடக்குது, சில ஓட்டில் விரல் பதிவும் தெரியுது. அதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

#21 ஓட்டாஞ்சில்லு

முடியும். விரல் ரேகைகளின் இடைவெளியை அளந்தால் வளர்ந்தவரா சிறுவரா என்று ஓரளவு சொல்லலாம். ஆண், பெண் வேறுபாடும் சராசரியில் தெரியும், தனி ஓட்டில் தெரியாது. களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும், அந்தச் சுருக்கத்தைக் கூட்டிக் கணக்கிட வேண்டும். அதற்கு அதே களிமண்ணில் 10 செ.மீ. கோடு கீறிய வில்லைகள் சுட்டு, சுட்டபின் கோடு எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். ஒன்றிரண்டு ஓட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள், ஐம்பதாவது வேண்டும். ஓட்டை எடுக்காமல், நேர் மேலிருந்து, மி.மீ. அளவுகோலோடு, சாய்வொளியில் படம். முதல் பத்துப் படங்களை இங்கே போடுங்கள், ரேகை எண்ணுவதைச் சேர்ந்து செய்யலாம்.